துயர் கேட்கும் துணை



சித்தூர், திருப்பதி வட்டாரத்தில், நகரிக்கு அண்மையில், தமிழக எல்லையை ஒட்டி விஜயபுரம் என்னும் ஊர் இருக்கிறது. நகரி, புத்தூர், சத்தியவேடு, விஜயபுரம் ஆகிய இப்பகுதிகளில், வீட்டுக்குள் தமிழும் வீதியில் தெலுங்குமாக வாழ்கின்ற குடும்பங்கள் பல. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தினின்றும் பிரிந்து அதனோடு சேர்ந்தது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் எல்லை மீண்டும் திருத்தப்பெற்றது. திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சத்தியவேட்டைச் சுற்றிய சிற்றூர்கள் பல ஆந்திரத்தோடு இணைந்தன. வீட்டையும் கிணற்றையும் விட்டு ஓர் அடியும் நகராமலே, நாம் வேறு மாநிலத்தவர் ஆனோம்.

இன்று இந்தப் பேச்சைக் கேட்கும் அன்பர்களில் பலர் வேறு வகையில் மாநிலம் மாறியவர்கள். உத்தியோக நிமித்தம் புனேக்கோ தில்லிக்கோ சென்றவர்கள். மணமாகி ஹைதராபாத்துக்கோ பெங்களூருக்கோ குடிபோனவர்கள். பிள்ளைகளோடு வாழ முதுமையில் ஊரை விட்டுப் புறப்பட்டவர்கள். வழி எதுவாயினும், வாழ்க்கை மாறும்போது மனமும் மாறியாக வேண்டும். பெட்டி படுக்கை ஒரே நாளில் ஊர் போய்ச் சேரும். மனம் போய்ச் சேர மாதங்கள் ஆகும். அந்த இடைக்காலத்தில் மனம் தளர்ந்தால் என்ன செய்வது, தளர்ந்தவருக்கு நாம் எவ்வாறு துணை நிற்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மாற்றம் என்பது துன்பமான மாற்றம் மட்டுமன்று. 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோம்ஸ், ராஹே என்னும் இரு மருத்துவர்கள் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். வாழ்க்கையில் நேரும் 43 நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு, அவை ஒவ்வொன்றும் மனிதனிடம் எவ்வளவு சரிக்கட்டுதலை வேண்டுகின்றன என்பதற்கு மதிப்பெண் கொடுத்தார்கள். கணவனையோ மனைவியையோ இழப்பதற்கு 100. திருமணத்திற்கு 50. ஓய்வு பெறுவதற்கு 45. குடியிருக்கும் வீட்டை மாற்றுவதற்கு 20. மங்கல நிகழ்ச்சியான திருமணம் இத்தனை உயரத்தில் நிற்பது நமக்கு வியப்பளிக்கலாம். ஆனால், புத்தூரில் பிறந்து வளர்ந்த பெண் ஒருத்தி மணமாகி நாக்பூருக்குச் செல்லும்போது, அவளுக்கு நேர்வது திருமணம் மட்டும்தானா? வீடு மாறுகிறது, ஊர் மாறுகிறது, மொழி மாறுகிறது, உணவு மாறுகிறது, உறவினர் கூட்டம் முழுவதும் ஒருங்கே மாறுகிறது. இவை யாவும் ஒரே மாதத்தில் வந்து சேர்கின்றன. “கல்யாணமான பெண்ணுக்கு என்ன குறை? ஏன் முகம் வாடியிருக்கிறாள்?” என்று கேட்பவர்கள் இந்தக் கூட்டுத்தொகையைக் கணக்கில் எடுப்பதில்லை. சுமை மிகுந்த தோள் வலிப்பது போலவே அவள் மனமும் வலிக்கிறது. அது அவளுடைய நன்றியின்மையும் அன்று, பலவீனமும் அன்று.

ஊர் நினைவால் உடல் நலிவதை மருத்துவ உலகம் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டிருக்கிறது. 1688-ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தின் பாசெல் நகரில் யோகானஸ் ஹோபர் என்ற மருத்துவ மாணவர், ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே விவரித்து ஆராய்ச்சியுரை எழுதினார். பேர்ன் நகரிலிருந்து படிக்க வந்த ஓர் இளைஞன் நலிந்து படுத்ததையும், சொந்த ஊருக்குப் புறப்பட்டு வழியில் செல்லும்போதே தேறத் தொடங்கியதையும் அவர் அதில் குறித்திருக்கிறார். இன்றைய மருத்துவம் ஊர் ஏக்கத்தைத் தனி நோயாகக் கொள்வதில்லை. எனினும், வேரோடு பெயர்க்கப்பட்ட செடி சில நாள் வாடத்தான் செய்யும் என்னும் உண்மை மாறவில்லை.

நம் முன்னோரும் இதை அறிந்தே இருந்தனர். அகப்பொருள் இலக்கணத்தில் பிரிவுக்கென்றே பாலை என்னும் ஒரு திணையை வகுத்தார்கள். அதனினும் கருதத்தக்கது, அகப்பாடல்களில் தலைவியின் அருகே எப்போதும் ஒரு தோழியை வைத்தார்கள் என்பது. தோழி தலைவனைத் திரும்ப அழைத்து வந்துவிடுவதில்லை. பாலை நிலத்தின் வெம்மையைத் தணித்துவிடுவதுமில்லை. பெரும்பாலும் அவள் செய்வது, தலைவியின் சொல்லைக் கேட்பது. அவள் சொல்லாததையும் உணர்ந்துகொள்வது. உரிய வேளையில் உரியவரிடம் எடுத்துச் சொல்வது. வேற்றூரில் வாழும் தமிழருக்கு இன்று குறைவாக இருப்பது இந்தத் தோழிதான். சம்பளம் இருக்கிறது, வீடு இருக்கிறது, கையில் தொலைபேசியும் இருக்கிறது. நள்ளிரவில் நெஞ்சு கனக்கும்போது, தன் மொழியில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறாரா என்று கேட்டால், பலர் விடை சொல்லத் தயங்குவர்.

தன் மொழியில் என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அலுவலகத்தில் இந்தியோ மராத்தியோ பேசிச் சமாளிக்கலாம்; கடையில் பேரம் பேசலாம். ஆனால் “வயிற்றைப் பிசைகிறது”, “மனசு ஆறவில்லை”, “என்னவோ போலிருக்கிறது” என்பனவற்றைக் கற்றுக்கொண்ட மொழியில் சொல்வது எளிதன்று. சொன்னாலும் சொன்னவருக்கே அது தம் துயரமாகத் தோன்றுவதில்லை. எல்லைப்புறத்தில் வாழும் நாம் இதை நன்கு அறிவோம். தெலுங்கு நமக்கு அயல்மொழி அன்று; பள்ளிக்கூடமும் கச்சேரியும் சந்தையும் நமக்குத் தெலுங்கில்தான். அண்டை வீட்டாரின் உகாதிப் பச்சடி நம் வீட்டுக்கு வரும். நம் வீட்டுப் பொங்கல் அவர்கள் வீட்டுக்குப் போகும். ஆயினும் சாவு வீட்டில் அழுகை தாய்மொழியில்தான் வருகிறது. ஆகவே புதிய ஊரின் மொழியைக் கற்பது எவ்வளவு அவசியமோ, துயரத்தைச் சொல்லத் தாய்மொழித் துணை ஒன்றைத் தேடிக்கொள்வதும் அவ்வளவு அவசியம். ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

இந்தத் துணை மிகவும் வேண்டப்படுவது இழவு நேரும்போது. ஊரில் ஒருவர் இறந்தால் நடப்பது நமக்குத் தெரியும். செய்தி கேட்ட நாழிகையிலேயே தெருவே கூடிவிடுகிறது. அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயல் வீட்டிலிருந்து சோறு வருகிறது. பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். பால் தெளிப்பு, பதினாறாம் நாள் கருமாதி என்று நாள் குறித்துக்கொண்டு மக்கள் மீண்டும் மீண்டும் வருகிறார்கள். இவற்றை வெறும் சடங்கு என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் துக்கப்பட்டவரைத் தனியே விடாமல் காக்கும் ஏற்பாடு இவற்றினுள் அமைந்திருக்கிறது.

வேற்று மாநிலத்தில் உள்ள மகனுக்கோ இது கிட்டுவதில்லை. தாயின் மரணச் செய்தி தொலைபேசியில் வருகிறது. அரக்கப்பரக்கப் புறப்பட்டு, கொள்ளி வைத்து, நான்காம் நாள் வேலைக்குத் திரும்புகிறான். அலுவலகத்தில் இரண்டொருவர் வருத்தம் தெரிவிக்கிறார்கள்; அத்தோடு முடிந்தது. அவன் அழவும் இல்லை. “திடமாக இருக்கிறான்” என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். ஆறு மாதம் கழித்து உறக்கம் கெடுகிறது, காரணமின்றிக் கோபம் வருகிறது, மார்பு அடைப்பதுபோல் இருக்கிறது என்று வைத்தியரிடம் ஓடுகிறான்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. 1942-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு கேளிக்கை விடுதியில் தீப்பிடித்து 492 பேர் மாண்டனர். உற்றாரை இழந்தவர்களைக் கவனித்த எரிக் லிண்டமன் என்னும் மனநோய் மருத்துவர், 1944-இல் தாம் கண்டவற்றை எழுதி வெளியிட்டார். துக்கத்தை முகங்கொடுத்து அழுது தீர்த்தவர்கள் படிப்படியாகத் தேறினார்கள்; துக்கத்தை விலக்கி வைத்தவர்களில் சிலருக்கு அது காலந்தாழ்ந்து வேறு உருவில் வந்து வருத்தியது என்பது அவர் கண்ட உண்மை. எல்லோரும் அழுதே தீர வேண்டும் என்பதன்று இதன் பொருள். மனிதருக்கு மனிதர் துக்கம் ஆற்றும் வகை வேறுபடும். அழ விரும்புகிறவருக்கு அழ இடமும் வேளையும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

ஆகவே, வேற்றூரில் நம்மவர் ஒருவர் வீட்டில் இழவுச் செய்தி வந்தால், அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஊர்த் தெருவின் வேலையைச் செய்யலாம். முதல் நாள் மட்டும் போய்த் தலைகாட்டிவிட்டு வருவது போதாது. இரண்டாம் வாரத்தில் ஒரு முறை, இரண்டாம் மாதத்தில் ஒரு முறை போக வேண்டும். “விதி, மறந்துவிடுங்கள்” என்று சொல்லாமல், “அம்மா எப்படிப்பட்டவர், சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டும். பதினாறாம் நாளுக்கு ஊர் போக இயலாதவர் வீட்டில் நான்கு பேர் கூடி, ஒரு விளக்கேற்றி, உடனிருந்து உண்டு வந்தால், அந்த உதவியை அவர்கள் வாழ்நாளெல்லாம் நினைத்திருப்பார்கள்.

முதியோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரியில் வாசல் திண்ணையில் அமர்ந்து போகிறவர் வருகிறவரையெல்லாம் பெயர் சொல்லி அழைத்த பெரியவர், மகன் வீட்டுக்கு மும்பைக்குச் சென்றதும் பன்னிரண்டாம் மாடியில் வாய்பேசாதவர் ஆகிவிடுகிறார். பேரக் குழந்தைகள் வேறு மொழியில் விளையாடுகின்றன. “அப்பாவுக்கு வயதாகிவிட்டது, முன்போல் பேசுவதில்லை” என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். வயதாவதனால் மட்டுமே ஒருவர் பேச்சை விட்டுவிடுவதில்லை. நாள்தோறும் ஒரு சிறு பொறுப்பு, ஊர் நண்பரோடு வாரம் ஒரு முறை தொலைபேசிப் பேச்சு, கீழே பூங்காவில் அவர் வயதொத்த ஒருவரின் அறிமுகம் ஆகியவை கிடைத்தால் பலர் மீண்டும் வாய் திறப்பதைக் காணலாம். திறக்கவில்லையென்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி, இயல்பான வருத்தம் எது, நோய் எது என்று எவ்வாறு அறிவது? வருத்தம் அலைபோல் வரும், போகும். இடையே குழந்தையின் சிரிப்பும் நல்ல காப்பியும் மனத்தைத் தொடும். மனச்சோர்வு நோயாக முற்றியபோது அந்த இடைவேளை குறைந்துவிடுகிறது. ஏறக்குறைய நாள் முழுவதும், நாள்தோறும், இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் இருண்டே இருப்பது. முன்பு விரும்பிய எதிலும் நாட்டமின்மை. உறக்கமும் பசியும் கெடுதல். எழுந்து குளிப்பதற்கும் உடல் வராமை. “நான் எதற்கும் பயனற்றவன்” என்ற எண்ணம். சாவைப் பற்றிய நினைவு. இவற்றில் பல சேர்ந்து காணப்பட்டால் அறிவுரை மட்டும் போதாது, வைத்தியம் தேவை. சாவைப் பற்றிய நினைவு வந்துவிட்டாலோ, இரண்டு வாரம் என்று காத்திருக்கவே கூடாது. நம் மக்களில் பலருக்கு இந்நோய் மனத்தின் பெயரால் வருவதில்லை. தலைபாரம், முதுகுவலி, வயிற்றெரிச்சல் என்று உடலின் பெயரால் வருகிறது. ஆடவர் சிலருக்கு அது மதுவின் உருவில் வருகிறது. பிள்ளை பெற்ற தாய்க்கு முதல் சில நாள்களில் காரணமின்றிக் கண்ணீர் வருவது பொதுவானது. அது இரண்டு வாரத்துக்குள் நீங்க வேண்டும். நீங்காமல் நீடித்தால், தாய்வீட்டாரின் துணையின்றி வேற்றூரில் பிள்ளை பெற்றவளை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வது கணவனின் கடமை.

பக்கத்து வீட்டவர் முகம் வாடியிருப்பதைக் காண்கிறோம். எப்படிப் பேச்சைத் தொடங்குவது? “அக்கா, கொஞ்ச நாளாக உங்களைப் பார்க்கவே முடியவில்லையே, சரியாகத் தூங்குகிறீர்களா?” என்று உறக்கத்திலிருந்து தொடங்கலாம். உறக்கத்தைப் பற்றிக் கேட்டால் யாரும் வெட்கப்படுவதில்லை. பிறகு அவர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்க வேண்டும். நம் கதையை நடுவே சொல்லத் தொடங்கக் கூடாது. கேட்டதைப் பிறரிடம் பரப்பக் கூடாது. “இனி வாழ்ந்து என்ன?” என்பது போன்ற சொல் வந்தால், பேச்சை மாற்றாமல், “உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது தவறு என்று மருத்துவர்கள் தெளிவாகக் கூறுகிறார்கள். கேட்டவுடன் சுமை இறங்கியதுபோல் அழுபவர்களே மிகுதி. விடை ஆம் எனில் அவரைத் தனியே விடலாகாது. பூச்சிமருந்தும் மாத்திரைக் குவியலும் கைக்கெட்டாமல் அகற்ற வேண்டும். அன்றே மருத்துவ உதவி தேட வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவர் என்றே கொள்ளவும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கவும் வழி செய்திருக்கிறது. ஆகவே போலீஸுக்கு அஞ்சி எவரும் மருத்துவமனையைத் தவிர்க்க வேண்டியதில்லை.

உதவி எங்கே கிடைக்கும்? நம் வட்டாரத்தைச் சொல்வதானால், திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது. சித்தூரிலிருந்து எல்லையைத் தாண்டிச் சிறிது தொலைவில், வேலூர்ப் பாகாயத்தில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. 1957-இல் தொடங்கிய அந்த மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறைக்குப் பெயர்பெற்றது. 1950-களில் அமிர்தசரஸில் வித்யாசாகர் என்னும் மருத்துவர், நோயாளிகளின் உறவினரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்து இதே வழியில் வெற்றி கண்டார். மேல்நாடுகளில் நோயாளியைக் குடும்பத்தினின்றும் பிரித்து வைத்த காலத்தில், நம் நாட்டு மருத்துவர்கள் குடும்பத்தையே மருந்தின் ஒரு பகுதியாக்கினார்கள் என்பது பெருமைக்குரியது. உறவினர் அருகிருந்து நோயைப் புரிந்துகொண்டால், வீடு திரும்பிய பின் மருந்தும் நிற்காது, ஏச்சும் இருக்காது.

உறவினரும் தமிழறிந்த மருத்துவரும் அருகில் இல்லாதவர் என்ன செய்வது? அவர்களுக்கென்றே இன்று ஒரு வழி இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், உலக மனநல நாளன்று, இந்திய அரசு டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. 14416 என்னும் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். பேசும் மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். தமிழும் அவற்றுள் ஒன்று. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் இச்சேவைக்கு வழிகாட்டி நிற்கிறது. கௌஹாத்தியில் இருக்கும் தமிழரும் தம் மொழியிலேயே துயரம் சொல்ல இதனால் வழி பிறந்திருக்கிறது. 14416 என்னும் எண்ணை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்; நாள்காட்டியின் ஓரத்தில் எழுதி வையுங்கள். மனம் கலங்கிய வேளையில் எண்ணைத் தேடும் பொறுமை யாருக்கும் இராது.

திருமலையின் அடிவாரத்தில் வாழும் நாம் நம்பிக்கையைப் பற்றிப் பேசாமல் முடிக்க இயலாது. துன்பம் வந்தால் மலையேறுகிறோம், முடி காணிக்கை செலுத்துகிறோம், நேர்ந்துகொள்கிறோம். அதனால் பலருக்கு மனம் இலேசாகிறது. அதைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் வேண்டுதலைக் காரணம் காட்டி வைத்தியத்தைத் தள்ளிப்போடுவது தகாது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். அவர்களுக்கும் தாய் தந்தையர் இருந்தார்கள். அருள் வேண்டியே அங்கு கொண்டுவந்து விட்டார்கள். அந்தத் துயரம் நமக்கு உணர்த்துவது, நோயை மறைக்கவும் கூடாது, நோயாளியைக் கைவிடவும் கூடாது என்பதே. கோயிலுக்குப் போகும் கால் மருத்துவமனைக்கும் போகட்டும். மனச்சோர்வுக்குரிய மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொறுத்திருக்க வேண்டும். தேறிவிட்டோம் என்று தாமாகவே நிறுத்திவிடவும் கூடாது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். வேற்று மாநிலங்களில் உள்ள தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழா நடத்துகின்றன, பட்டிமன்றம் நடத்துகின்றன. அவற்றோடு இன்னொரு பணியையும் மேற்கொள்ளலாம். ஊருக்குப் புதிதாக வந்த குடும்பம் எது, பிள்ளை பெற்ற வீடு எது, இழவு நேர்ந்த வீடு எது, வேலை இழந்தவர் யார், ஓய்வு பெற்றவர் யார் என்று அறிந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பேர் போய் வரலாம். அதற்கு மேடையும் வேண்டாம், நிதியும் வேண்டாம். அந்த நகரில் தமிழ் பேசும் மனநல மருத்துவர் எவரேனும் உண்டா என்று விசாரித்து வைத்திருந்தால் அதுவே பேருதவி.

எல்லை மாறிய அந்த நாள்களில் நம் வட்டாரத்து மக்கள் பலர் கலங்கினர். எல்லைக்காகப் போராட்டங்களும் நடந்தன. பிறகு பிள்ளைகள் தெலுங்கில் படித்தார்கள். வீட்டில் தமிழ் பேசினார்கள். இரண்டு மொழியிலும் நண்பர்களைப் பெற்றார்கள். ஒரே நாளில் நடந்ததன்று அது. ஒருவர் தனியே சாதித்ததும் அன்று. திண்ணையில் அமர்ந்து ஒருவர் குறையை ஒருவர் கேட்டுக் கேட்டே காலத்தைக் கடந்தோம். தொலைவில் வாழும் அன்பர்களே, உங்கள் ஊரில் திண்ணை இல்லாமலிருக்கலாம். இன்று மாலை, நெடுநாளாகக் குரல் கேட்காத ஒருவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். நலமா என்று கேட்டுவிட்டு, விடை முழுவதையும் கேளுங்கள்.